களத்துக்கு உண்டு, கரைக்கு இல்லை: கடலோரத் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

திருவள்ளூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை கடலைத் தொட்டுக் கிடக்கும் தொகுதிகளில் மக்கள் உங்களை வெல்ல வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சி என்பது இந்த மடலுக்கு வேண்டாத விஷயம். கடற்கரைப் புறம்போக்கு யாருக்குக் குத்தகையாகப் போகிறது, யாருக்கு ஆக்கிரமிப்பு ஆகிறது என்பதுதான் விஷயம். நான் ஒரு கடலோரக் கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கு நடந்ததில் பாதி என் கையெழுத்தில் நடந்தது. அதனால் ஊரைக் குற்றம் சொல்லவோ மேலதிகாரிகளைக் குற்றம் சொல்லவோ எனக்கு முகம் இல்லை.

ஜமாபந்தி என்ற வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நெருங்கும்போது, பயிர்க் கணக்கான அடங்கலையும் ஆக்கிரமிப்புக் கணக்கையும் சரி செய்வது எங்கள் வழக்கம். புறம்போக்கில் யார் என்ன செய்கிறார் என்று பார்த்து பி மெமோ, அதாவது ஆக்கிரமிப்புக்கான அபராதத் தாள், எழுத வேண்டும். ஒரு வருடம் கடற்கரை மணலில் கருவாடு காயவைக்கும் அம்மா ஒருவருக்கு எழுதினேன். நாலு கம்பு, மேலே தென்னங்கீற்று, சுற்றிலும் காக்கைக்குப் பயந்து விரித்த பழைய வலை. அவ்வளவுதான் அவருடைய ஆக்கிரமிப்பு. அவர் மாமியாரும் அதே இடத்தில்தான் காயவைத்தார். மெமோவைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது பட்டா குடுக்குற தாளா சார்?" என்று கேட்டார். அபராதத் தாள் என்று விளக்கினேன். பேசாமல் அபராதத்தைக் கட்டினார்.

அந்த மணலில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு விடுதிக்காரர் தன் பட்டா நிலத்தை ஒட்டியிருந்த கடற்கரைப் புறம்போக்கைக் குத்தகைக்குக் கேட்டு மனுப் போட்டிருந்தார். கோப்பு என்னிடம் வந்தது. ஆட்சேபணை கேட்கும் ஏ-1 நோட்டீஸ் தயார் செய்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன். தண்டோரா போட்டதாகக் கிராம உதவியாளர் எழுதிக் கொடுத்தார். ஆம்பளைகள் கடலுக்குள், பெண்கள் கூடையோடு சந்தையில். சுவரில் இருந்ததை யாரும் படிக்கவில்லை. கெடு முடிந்ததும் நான் எழுதிய வரி இன்னும் மனப்பாடம்: "மேற்படி நிலம் பயன்பாட்டில் இல்லாத மணல் தரிசு. ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை."

பயன்பாட்டில் இல்லை என்று எழுதினேனே, அந்த இடத்தில்தான் கரைவலைக்காரர்கள் கயிறு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். வாடைக் காலத்தில் படகுகளை அங்கேதான் மேலேற்றுவார்கள். ஆனால் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே இருந்தது "சர்க்கார் புறம்போக்கு, மணல்" என்பது மட்டும். பதிவேட்டில் இல்லாததை எழுத எனக்கு அதிகாரம் இல்லை என்று அப்போது நினைத்தேன். இருந்திருக்கலாம். தேடிப் பார்க்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு தேடிப் பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் பி மெமோ எழுதிய சட்டம் 1905-ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம், தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவு சாலை, ஆறு, ஏரி எல்லாவற்றோடும் சேர்த்து உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள கடற்படுகையையும் கழிமுகத்தையும் அரசின் சொத்து என்று அறிவிக்கிறது. இதை எல்லா வருவாய் ஊழியர்களும் அறிவார்கள். அந்தப் பிரிவின் வாலில் உள்ளதைத்தான் நான் முப்பது வருடம் படிக்காமல் இருந்தேன். பொது உரிமைகளுக்கும், சட்டப்படி நிலைத்துள்ள வழக்காற்று உரிமைகளுக்கும் உட்பட்டே இந்தச் சொத்துரிமை என்று அதே பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் எழுதிய சட்டம், வரி வசூலிக்க எழுதிய சட்டம். அதிலேயே இந்த வாசகம் இருக்கிறது. இல்லாதது அந்த உரிமைகளை எழுதி வைக்க ஒரு பதிவேடு. பதிவேடு இல்லாத உரிமையை எந்த வட்டாட்சியரும் கோப்பில் ஏற்றமாட்டார்.

இனி, என்னை உறங்கவிடாத இன்னொரு பிரிவு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 134. சில வகைப் புறம்போக்குகள் கிராம ஊராட்சியிடம் இருக்க வேண்டும் என்கிறது அது. மேய்ச்சல் நிலம், நெல் அடிக்கும் களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டுத் தரை, வண்டிப் பாதை, தோப்பு என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுகிறது. பழைய ஊராட்சிச் சட்டங்களில் இருந்து வழிவழியாக வந்த பட்டியல். எழுதியவர்கள் உழவர் ஊரை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், தப்பில்லை. நெல்லைக் கொட்டி அடித்துத் தூற்ற ஒரு பொது இடம் வேண்டும், அதை யாரும் வளைத்துப் போடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மீனைக் கொட்டி, வெட்டி, உப்புப் போட்டுக் காயவைக்கவும் ஒரு களம் வேண்டுமே? கருவாட்டுக் களம் பட்டியலில் இல்லை. வலை உலர்த்தும் மணல் இல்லை. படகு ஏற்றும் இடம் இல்லை. மாடு நிற்க இடம் உண்டு, கட்டுமரம் நிற்க இடம் கிடையாது.

சட்டத்தில் பெயர் இல்லாததால்தான் அந்த அம்மா ஆக்கிரமிப்பாளர் ஆனார். நெல் அடித்தவருக்கு நான் பி மெமோ எழுதியதே இல்லை.

இந்த மடலில் நான் கேட்பதில் பெரும் பகுதி இந்த ஒரு திருத்தத்தில் அடங்கிவிடும். பிரிவு 134-இல் வலை உலர்த்தும் இடம், கருவாட்டுக் களம், படகு ஏற்றும் இடம், கரைவலை இழுக்கும் இடமான கரைவலைப் பாடு ஆகியவற்றைச் சேருங்கள். ஒன்றிய அரசைக் கேட்க வேண்டியதில்லை. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சென்னை போல மாநகராட்சிக்குள் வந்துவிட்ட குப்பங்களுக்கு நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்திலும் இணையான ஒரு பிரிவு வேண்டும். இல்லாவிட்டால் காசிமேடும் நொச்சிக்குப்பமும் ஊரூர்க் குப்பமும் வெளியே நின்றுவிடும்.

"கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இருக்கிறதே, அது போதாதா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எங்கள் துறை ஆட்களும் இதையே கேட்பார்கள். 1991 பிப்ரவரி 19-இல் வந்தது முதல் அறிவிக்கை, பிறகு 2011, பிறகு 2019. கரையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்பது அதன் விஷயம். கரை யாருடையது, யாருக்குக் குத்தகை விடலாம் என்பது அதில் இல்லை. அனுமதிக் கோப்பு சுற்றுச்சூழல் துறையில் ஓடும், குத்தகைக் கோப்பு வருவாய்த் துறையில் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. மீனவர்களின் நீண்ட கால வீட்டுத் தேவைக்கான திட்டத்தையும் கடலோர மேலாண்மைத் திட்டத்தோடு தயாரிக்க வேண்டும் என்று 2019 அறிவிக்கையும் சொல்கிறது. மாவட்டக் குழுவில் பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011-இலேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார்? தெரியாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். நான் கேட்டால் தகவல் உரிமை மனு போடச் சொல்வார்கள்.

2019 அறிவிக்கையில் இன்னொன்றும் உண்டு. கடற்கரையில் குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை உயர் அலைக் கோட்டில் இருந்து 10 மீட்டர் தள்ளி அமைக்கலாம் என்கிறது. பத்து மீட்டர் என்பது ஒரு ஃபைபர் படகின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தப் படகை மேலேற்றுபவர் எங்கே போவார் என்ற கேள்வியைக் குத்தகை விடுகிற அதிகாரி கேட்டாக வேண்டும். கேட்க வைக்கும் விதி எங்கும் இல்லை.

குத்தகை, உரிமம் என்ற இரண்டு சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோப்பில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவோம், யாருக்கும் உறுத்தாது. சட்டத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி குத்தகை என்றால் நிலத்தின் மேல் ஒரு உரிமையே கை மாறுகிறது. அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமம் என்பது வந்து போக, பயன்படுத்திக்கொள்ள ஒரு அனுமதி மட்டும். நிலத்தில் உரிமை எதுவும் ஒட்டாது. மாலையில் சுண்டல் கடை போட உரிமம் போதும். வருடத்துக்கு ஐந்து மாதம் நிற்கும் குடிலுக்கும் உரிமம் போதும். கடற்கரை மணலில் குத்தகை என்ற சொல்லே நுழையக் கூடாது என்பது என் கருத்து. துறைமுகம், மீன்பிடி இறங்குதளம் போன்ற பொதுப் பணிகளை விட்டுவிடலாம். மற்றதற்கெல்லாம் உரிமம், அதுவும் காலக்கெடுவோடு.

கோவாவில் கடற்கரைக் குடில்களை உள்ளூர்க்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குகிறார்கள், மழைக்காலத்துக்கு முன் பிரித்தெடுத்துவிட வேண்டும். உள்வாடகைக்கு விடுகிறார்கள் என்ற புகார் அங்கும் உண்டு, சொக்கத்தங்கம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த பருவத்தில் மணல் மறுபடி மணலாகக் கிடக்கிறது. இத்தாலியில் நடந்தது அதற்கு நேர் எதிர். கடற்கரைக் குடைக்கும் நாற்காலிக்கும் கொடுத்த அனுமதி தானாகவே புதுப்பிக்கப்பட்டுத் தலைமுறைச் சொத்து போல ஆகிவிட்டது. போட்டி முறையில்தான் கொடுக்க வேண்டும் என்று 2006-இலேயே ஐரோப்பிய ஒன்றிய விதி வந்தது, தானியங்கிப் புதுப்பித்தல் செல்லாது என்று 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2024-இல் மறுபடி 2027 வரை நீட்டித்தார்கள். ஒருமுறை விட்டால் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பதற்கு நம் உப்பளத்து ஊர்க்காரர்களிடமும் கதைகள் இருக்கின்றன.

குத்தகை எல்லை தாண்டுவது வேறொரு நோய். தென் மாவட்டங்களில் கடற்கரைத் தாதுமணல் விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2013-இல் தூத்துக்குடியில் தொடங்கி மற்ற மாவட்டங்களிலும் அரசு அந்தத் தொழிலை நிறுத்தி, ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைத்து ஆய்வு செய்தது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. குத்தகை ஒரு சர்வே எண்ணுக்கு இருக்கும், இயந்திரம் பக்கத்து எண்ணில் நிற்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும். ஆனால் எந்த எண் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, எத்தனை ரூபாய்க்கு என்ற பட்டியல் ஊரின் பார்வையில் இல்லை. இருந்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடும்.

பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. குத்தகைப் பதிவேட்டை மட்டும் ஏன் அலமாரியில் பூட்டுகிறோம்? கடலோரப் புறம்போக்கில் கொடுத்த ஒவ்வொரு குத்தகையும், ஒவ்வொரு உரிமமும், ஒவ்வொரு பி மெமோவும் ஒரே பக்கத்தில், சர்வே எண் வாரியாக வர வேண்டும். யாருக்குத் தாள், யாருக்கு அபராதம் என்பது அப்போது பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

நிலம் நகர்கிறது என்பதையும் நம் குத்தகைப் பத்திரங்கள் அறியாது. உழவு நிலத்துக்கு எழுதிய படிவத்தையே கடற்கரைக்கும் எழுதுகிறோம், நான்கு எல்லை சொல்லி. கிழக்கே கடல் என்று எழுதுவோம். அந்தக் கிழக்கு எல்லை எங்கே நிற்கிறது? சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. புதுச்சேரியில் 1980-களில் துறைமுகத் தடுப்புச்சுவர் எழுந்த பிறகு நகரக் கடற்கரை கரைந்தே போனது. வருடத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடைக் காலத்தில் திரும்பும். கடல் உள்ளே வந்து குத்தகை நிலத்தைத் தின்றால், குத்தகைக்காரர் வேலியை மேற்கே நகர்த்துகிறார். அங்கே இருப்பது ஊரின் களம். கடல் தின்ற அளவு குத்தகைப் பரப்பு தானாகவே குறையும், மேற்கே ஒரு அடி நகராது என்று சட்டத்தில் ஒரு வரி வேண்டும். கல் கொட்டித் தடுப்புக் கட்டவும் கூடாது. ஒருவர் கொட்டும் கல்லுக்குப் பக்கத்து ஊர் மணல் பலி.

இறால் பண்ணைக் கதை தஞ்சை, நாகை உறுப்பினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறை அல்லாத பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரு பிரிவு: 1991 அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது, அதுவும் 1991 பிப்ரவரி 19 முதலே பொருந்தாததாகக் கருத வேண்டும். பதினான்கு வருடம் பின்னோக்கிப் போய் இறாலுக்கு வழி விட்டது சட்டம். அந்த நெகிழ்வில் ஒரு பங்கு கருவாட்டுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். காட்டில் வாழ்பவர்களின் உரிமையை 2006-இல் சட்டம் ஏற்றுக்கொண்டது. கடலோர மீனவர்களுக்கும் அதுபோல் ஒரு சட்டம் வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009-இல் பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் கேளுங்கள். 2005 மார்ச்சில் வந்த வருவாய்த் துறை அரசாணை 172-இன்படி, கரையில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு வாங்கிக்கொண்டால் பழைய மனையை அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பிணங்களைப் புதைத்த கை காய்வதற்குள் கைநாட்டு வைத்தவர்கள் உண்டு. கடல் பயம், பிள்ளைகள் பயம், வீடு வேண்டும். நியாயமான காரணங்கள்தான். அந்த மனைகள் இன்று யார் கையில் இருக்கின்றன? எத்தனை மனை மணலாகவே கிடக்கிறது, எத்தனை குத்தகைக்குப் போனது? இந்த ஒரு கேள்வியைச் சட்டமன்றத்தில் கேட்டு, மாவட்ட வாரியாகப் பட்டியல் வாங்குங்கள். கேள்வி நேரத்தில் ஐந்து நிமிடம் ஆகாது.

ஏ-1 நோட்டீஸ் விஷயத்தில் நானே குற்றவாளி என்பதால் திருத்தத்தையும் நானே சொல்கிறேன். கடலோரப் புறம்போக்கு பற்றிய எந்த நோட்டீஸும் அலுவலகச் சுவரில் ஒட்டியதோடு முடியக் கூடாது. மீன் ஏலக்கூடத்தில், பெண்கள் கூடும் இடத்தில் ஒட்ட வேண்டும், மீனவர்களின் பாரம்பரிய ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்களிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்க வேண்டும். கிராம சபையில் வைத்து, தீர்மானத்தின் நகல் கோப்பில் இல்லாமல் வட்டாட்சியர் மேலே அனுப்பக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்து என்றதும் அதில் பெண்கள் இல்லையே என்பீர்கள். உண்மை. கருவாட்டுக் களம் அவர்களுடையது. அதனால்தான் கிராம சபையும் வேண்டும் என்கிறேன், அங்கே அவர்களும் கை தூக்கலாம். "பயன்பாட்டில் இல்லை" என்று சான்று எழுதும் அலுவலர், வருடத்தில் இரண்டு பருவங்களில் அந்த இடத்தைப் பார்த்த தேதியையும் எழுத வேண்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது காலியாகத் தெரியும் மணல் வாடையில் படகு நிற்கும் துறையாக இருக்கும்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பேரனே விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறான். வரும் கூட்டத்துக்குக் கழிப்பறை வேண்டும், தேநீர் வேண்டும், குடை நிழலும் வேண்டும். முதலில் ஊரின் இடத்தை அளந்து பதிவேட்டில் ஏற்றிவிட்டு, மீதி மணலில் ஏலமோ குலுக்கலோ போடுங்கள். வரிசை அதுதான். இப்போது நடப்பது தலைகீழ் வரிசை.

1996 டிசம்பரில் வந்த கமல்நாத் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடற்கரை, ஓடும் நீர், காற்று ஆகியவற்றை அரசு மக்களின் பேரில் வைத்திருக்கும் அறக்காவலர் மட்டுமே என்று சொல்லிவிட்டது. அது ஹிமாச்சலில் பியாஸ் ஆற்றங்கரையை ஒரு விடுதிக்குக் குத்தகை விட்ட வழக்கு. நீதிமன்றம் அந்தக் குத்தகையை ரத்து செய்தது. தீர்ப்பை ஒவ்வொரு ஊரும் வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டும் என்றால், வக்கீல் வைக்க வசதியுள்ள ஊருக்குத்தான் கடற்கரை மிஞ்சும். நீங்கள் சட்டத்தில் எழுதிவிட்டால் கிராம நிர்வாக அலுவலர் படிப்பார். எழுதி வைத்ததைச் செய்ய எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. கடலோடிகள் கரையில் இருப்பார்கள். ஏறக்குறைய அதே நாட்களில்தான் ஜமாபந்தியும் வரும். உங்கள் தொகுதியில் ஒரு கடலோரக் கிராமத்தின் கணக்கு தணிக்கைக்கு வரும் நாளில் நீங்களும் வட்டாட்சியர் அலுவலகம் போய் உட்காருங்கள். கடற்கரை சர்வே எண்ணின் அ-பதிவேட்டைக் கேளுங்கள், பி மெமோ கணக்கைக் கேளுங்கள், குத்தகைக் கோப்பைக் கேளுங்கள். மூன்றையும் எடுத்துக்கொண்டு மாலையில் அந்த மணலுக்கு நடந்து போங்கள். நான் எழுதிய மெமோவை அந்த அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். அது ஒருநாள் பட்டாவுக்கு உதவும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்